வலிக்காத கடல்

எங்கள் கனிஷ்கா பல் டாக்டரைக் கடித்தவள். தெரியாமல் பல் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாத கடி. கடைவாய்ப் பல் நாலும் சொத்தையாய்ப் போன ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டாக்டர் இந்துஜா கையை உதறிக்கொண்டு நின்றார். தட்டிலிருந்த சாமானெல்லாம் தரையில் உருண்டது. வெளியே காத்திருந்த ஒரு பையன் சத்தத்தைக் கேட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டான். அவனைப் பிடிக்க அவன் அப்பா பின்னாலேயே ஓடினார்.

"ஊசியெல்லாம் கிடையாது, சும்மா பல்ல எண்ணிப் பாப்பாங்க" என்று சொல்லித்தான் அவளை அழைத்துப் போயிருந்தோம். எந்த வீட்டில்தான் அப்படிச் சொல்வதில்லை? என் வீட்டுக்காரர் பூபதி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஒரு படி மேலே போய், "முடிஞ்சதும் ஐஸ்கிரீம்" என்று வேறு சொல்லியிருந்தார். பல் டாக்டரிடம் போகிற பிள்ளைக்கு ஐஸ்கிரீம் ஆசை காட்டிய ஒரே மகராசன்.

"அக்கா, இனிமே பொய் சொல்லிக் கூட்டிட்டு வராதீங்க" என்றார் டாக்டர், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு. "ஊசின்னா ஊசின்னே சொல்லுங்க."

"சொன்னா வாசப்படி தாண்ட மாட்டாளுங்க."

"சொல்லாம வந்து என்னாச்சுன்னு பாத்தீங்கல்ல?"

அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். ஆனால் கடிபட்ட கையோடு கனிஷ்காவின் தலையைத் தடவி, "பயந்துட்டியா பாப்பா?" என்று கேட்டார் பாருங்கள், அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. பின்னால் எவ்வளவு ஆத்திரம் வந்தபோதும் அவரை முழுதாக வெறுக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடியைக் காட்டினார். வெள்ளை நிறம், நீச்சல் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரிசு, காதோடு சேர்ந்து மூடிக்கொள்ளும்.

"இதப் போட்டா கடலுக்கு அடியில இருப்பா. ஒரு ஆமை வரும். அதுகூட நீந்திட்டே போவா. மனசு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க முடியாதுக்கா. அங்க இருந்தா இங்க இருக்க மாட்டா. ஊசி போட்டதே தெரியாது."

"டிவில பொம்மப் படம் போட்டு ஊட்டி விடற மாதிரிங்களா?" என்றார் பூபதி.

"அதேதான். ஆனா இது படம் காட்டறதோட நிக்காது. உங்க பொண்ணயும் கத்துக்கும்." கறுப்பு நிறத்தில் ஒரு கைப்பட்டையை எடுத்து நீட்டினார். "ஒரு வாரம் இத அவ கையில கட்டி விடுங்க. கண்ணாடியும் வீட்டுல இருக்கட்டும், போட்டு விளையாடட்டும். யாரு பேசினா இவ நாடித் துடிப்பு அடங்குது, எந்தச் சத்தத்துக்கு அழுகை நிக்குதுன்னு அதுவே கண்டுபிடிச்சிரும். ஊசி போடறப்ப அந்தச் சத்தத்த ஆமைகிட்டக் குடுத்துரும், ஆமை அதுலயே பேசும்."

ஒரு வாரம் கழித்துப் போனபோது இயந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தது என் குரலை. டாக்டர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அடுப்படிச் சத்தத்துக்கு நடுவில் நான் சொல்லியிருக்கிறேன்: "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல."

எங்கள் ஊரில் அதைச் சொல்லாத அம்மா உண்டா? பிள்ளை தடுக்கி விழுந்தால் சொல்வோம். கொசு கடித்தாலும் அதுதான், தூக்கத்தில் அலறினாலும் அதுதான். நாங்கள் சொல்வதை நாங்களே கேட்டிருக்க மாட்டோம். அன்றைக்கு அதை வெளியே நின்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்குரலு ஒண்ணும் வரலீங்களா டாக்டர்?" என்று பூபதி பாவமாகக் கேட்டார்.

"உங்க குரலு கேட்டா நாடி ஏறுதுங்க சார். விளையாடக் கூப்பிடறீங்கன்னு நெனச்சுக்கறா."

அன்று ஊசி போடும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கண்ணாடிக்குக் கீழே அவள் வாய் மட்டும் திறந்திருந்தது. ஈறுக்குள் ஊசி இறங்கியது. அவள் கால் கட்டைவிரல்கூட அசையவில்லை. சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. தெய்வம் கண் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. அன்றைக்கு அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் எதிரே வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அப்புறம் ஒவ்வொரு பல்லாக வேலை நடந்தது. "கடலுக்கு எப்பப் போலாம்?" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் ஓலமாய்க் கிடக்கும் அந்த கிளினிக்கின் காத்திருக்கும் அறை, கோயில் பிராகாரம் போல அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் தங்கள் முறைக்குச் சண்டை போட்டார்கள். எல்லாப் பல்லும் சரியானதும் கண்ணாடியையும் பட்டையையும் திருப்பிக் கொடுத்தோம். கனிஷ்கா ஆமைக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் தடுப்பூசி போட வந்தார்கள். "உங்க பொண்ணு அழவே இல்லீங்க, மேல பாத்துட்டு என்னமோ முணுமுணுத்துட்டு நின்னா, நெம்பத் தைரியம்" என்று அவள் டீச்சர் வாசலில் வைத்துச் சொன்னார். சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தபோது நான் ஓடிப்போய், "ஒண்ணுமில்ல சாமி" என்றதும் குழாயை மூடின மாதிரி அழுகை நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, "எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதே, எறும்பு கடிச்சாலும் ஊரக் கூட்டும்" என்று பெருமூச்சு விட்டாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். நடையில் "அம்மா!" என்று ஒரு கத்தல். ஒரு நாளைக்கு எத்தனை "அம்மா" கேட்கிறோம்? மிக்சியை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று குரல் கொடுத்தேன். சத்தம் அடங்கியது. சட்னியைத் தாளித்தேன். தோசை ஊற்றினேன். "கனி, சாப்பிட வா" என்று கூப்பிட்டேன். வரவில்லை. இன்னொரு தோசை ஊற்றினேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

குளியலறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கீல் பக்கத்து இடுக்கில் அவள் விரல்கள் மூன்று நசுங்கிக் கிடந்தன. அவற்றை வெளியே எடுக்கக்கூட இல்லை. நகமெல்லாம் கருநீலமாகி, ரத்தம் கதவு வழியாகக் கீழே இறங்கியிருந்தது. அவள் எதிரே சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட கூச்சலில்தான் பூபதி மாடியிலிருந்து ஓடிவந்தார். கதவைத் திறந்து விரலை எடுத்து, தண்ணீரில் பிடித்தார்.

"ஏஞ்சாமி அழுவல? ஏன் கைய எடுக்கல?"

"வலிக்கலியேம்மா" என்றாள், கொஞ்சம் தூக்கக் கலக்கமாக. "ஆமை வந்துச்சு."

எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு நேராகப் பல் டாக்டரிடம் போனோம். இந்துஜா அந்த விரலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடிக் கம்பெனிக்கு வீடியோவில் கூப்பிட்டார். ஹரிஹரன் என்று ஒரு பையன் வந்தான். பொறுமையாகத்தான் கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மெஷின்ல கோளாறு இல்லீங்க மேடம். கண்ணாடி வலிய மூடறதில்ல. எப்படி மூடறதுன்னு மூளைக்குக் கத்துக்குடுக்குது. சின்னக் குழந்தைங்க சீக்கிரம் கத்துக்கறாங்க. உங்க பொண்ணு நல்லாவே கத்துக்கிட்டா. இப்ப அவளுக்குக் கண்ணாடி தேவையில்ல. உங்க குரல் போதும்."

"இத நீங்க முன்னாலயே சொல்லியிருக்க வேண்டாமுங்களா?"

"எங்களுக்கே இப்பத்தான் அங்கங்க தெரிய வருதுங்க. ஊசி போடறப்ப அழுகுதா இல்லியான்னுதான் சோதிச்சோம். வீட்டுல விழுந்தா அழுகுதான்னு யாரும் பாக்கல."

"சரி, இத எப்படி எடுக்கறது?" பூபதி கேட்டார்.

"எடுக்க முடியாது. மறக்க வைக்கலாம். அடிபட்டா அவங்கம்மா அத சொல்லக் கூடாது. அந்த வார்த்தை மட்டும் இல்லீங்க, அந்த ராகத்துலயே பேசக் கூடாது. சமாதானம் சொல்ற தொனியே வேண்டாம். ஒவ்வொரு தடவ கேக்கறப்பவும் பழையபடி பதிஞ்சிரும்."

"எத்தன நாளைக்குங்க?"

"தெரியலீங்க."

"பெத்தவ நானு, எம்புள்ள விழுந்து அழுதா நாஞ் சும்மா நிக்கணுமா?" என்று கத்திவிட்டேன். திரையில் அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். இந்துஜா அழுதுவிட்டார். அவரை நான் என்ன சொல்ல?

வெளியே வந்தால் காத்திருக்கும் அறையில் ஒரு பெண், மடியில் சின்னப் பையன், கையில் அதே கறுப்புப் பட்டை. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்க புள்ளைக்கு ஒத்துக்கலீன்னா அதுக்கு நாங்க என்னுங்க பண்றது? எம்பையன நாலு பேரு புடிச்சு அமுக்கி ஊசி போட்டத நாம் பாத்திருக்கறேன். மறுபடி அதப் பாக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். நானும் அதைப் பார்த்தவள்தானே.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்தது எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. பிள்ளை இடித்துக்கொண்டால் நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். பூபதிதான் ஓடிப்போய்த் தூக்குவார். அந்த மனுசனுக்குச் சமாதானம் செய்யத் தெரிந்தால்தானே? "அழுவாத, அழுவாத, சாக்லேட் வாங்கித் தாரேன்" என்பார். பல் போனதே அந்தச் சாக்லேட்டால்தான். அவள் அவர் தோளுக்கு மேல் என்னைத் தேடித் தேடி அழுவாள். நான் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பேன்.

ஒருநாள் தலை சீவி விடும்போது மெல்லக் கேட்டாள்.

"அம்மா, எம்மேல கோவமா?"

"இல்லியே சாமி, ஏன்?"

"நான் அழுதா நீ போயிர்ற."

சிக்கு எடுக்கிற சாக்கில் அவள் முகம் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டேன். என்னவென்று சொல்வது? உன்னைத் தேற்றினால் உனக்குக் கெடுதல் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? "அம்மாவுக்குத் தொண்ட கட்டியிருக்குது" என்று ஒரு பொய் சொன்னேன். மறுபடியும் பொய்தான்.

ஆனால் பலன் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மெல்ல மெல்ல அவள் அழுகை நீண்டது. தேள் கொட்டின மாதிரி கத்த ஆரம்பித்தாள். வாசல் படியில் இடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள் ஒருநாள். நானும் பூபதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிள்ளை அழுகிறது என்று சந்தோஷப்பட்ட பெற்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்போதுதான் அந்த வயிற்று வலி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வாந்தி, காய்ச்சல், குறுகிக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் ஊசித் தட்டோடு வந்ததும் கனிஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி.

"அம்மா, அத சொல்லும்மா."

"எத சாமி?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லும்மா. நான் கடலுக்குப் போறேன். வலிக்குதும்மா. ஒரு தடவ சொல்லும்மா."

அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது. அத்தனை நாளும் நான் அதை ஒளித்து வைத்திருக்கிறேன் என்றும் தெரிந்திருந்தது. டாக்டர் இன்னும் வயிற்றில் கை வைக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று அவள்தான் சொல்லியாக வேண்டும். பூபதி என் தோளைப் பிடித்து, "வேண்டாம் வளரு, சொல்லிப்போடாத" என்றார்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா! சொல்லும்மா! சொல்லேம்மா!"

என் பிள்ளை என்னைக் கெஞ்சியது. நான் கல்லு மாதிரி நின்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி" என்று கேட்டது. "ஒண்ணுமில்ல."

நான்தான் சொல்லிவிட்டேனோ என்று ஒரு நொடி பதறி என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். முந்தானை அப்படியே இருந்தது. என் ராகம், என் இழுப்பு, கடைசியில் நான் விடுகிற மூச்சு உட்பட எல்லாம் இருந்தது. சொன்னது அவள்.

டாக்டர் வந்து அவளைத் திருப்பினார். முகம் தெளிந்திருந்தது. வயிற்றில் அழுத்தினார்.

"இங்க வலிக்குதா பாப்பா?"

"இல்லீங்க மாமா."

"இங்க?"

"இல்லீங்க."

"குடல்வால் வீங்கியிருந்தா இந்த இடத்துல கை வைக்க விடாதுங்க" என்றார் எங்களைப் பார்த்து. "வாயுத் தொந்தரவாத்தான் இருக்கும். மருந்து தாரேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நான் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன், கடலைச் சொன்னேன், ஆமையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரி பேச்சாகப் பட்டது. "அந்தக் கண்ணாடி பத்தி நானும் படிச்சிருக்கேம்மா, நல்ல கருவிதான்" என்றார் அவர். அப்போது பூபதி, வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுசன், ஸ்கேன் அறை வாசலில் போய்க் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ளைக்கு எடுத்துப் பாத்துப்போட்டு அப்புறம் என்னயத் தூக்கி வெளிய போடுங்க" என்றார்.

எடுத்தார்கள். குடல்வால் உள்ளே வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த பெரிய டாக்டர், "இத வச்சுக்கிட்டு இந்தப் புள்ள எப்படிங்க சிரிச்சுட்டு இருந்துச்சு?" என்று எங்களிடமே கேட்டார்.

பிழைத்துவிட்டாள். வார்டுக்கு மாற்றிய பிறகு பூபதி அந்த ஹரிஹரனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"அவங்கம்மா சொல்லாம இருக்கலாமுங்க சார்" என்றான் அவன். "அவளே சொல்லிக்கிட்டா நான் என்னன்னு சொல்றது?"

நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் அவள் போர்வை மேல் விழுந்திருந்தது. இனி வாயைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஓடினாலும் ஒன்றுதான், உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அழுகையை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கனிஷ்கா கையை நீட்டி என் கண்ணைத் துடைத்தாள். ஊசி குத்திக் கட்டியிருந்த கை அது. மடங்கியதில் குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. நான் பதறி அந்தக் கையைப் பிடித்து நேராக வைத்தேன்.

"வலிக்குதா சாமி?"

"இல்லம்மா. உனக்கு?"

"வலிக்குது கண்ணு."

"அப்பக் கண்ண மூடிக்கோ" என்றாள். என் நெற்றியில் கை வைத்து, என் குரலிலேயே, ஆசையாகச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல."

மூடிக்கொண்டேன். எந்தக் கடலும் வரவில்லை.